அக்மோரைக் கழித்தால்

தெமிர்-பெல்
பிப்ரவரி 3, 2004

அன்புள்ள புருல்,

பார்சல் வந்தது. பச்சை ஸ்வெட்டர் அக்மோருக்கு உடம்பில் சரியாக இருக்கிறது, கைதான் குட்டை. இந்தக் குளிர்காலத்தில் மட்டும் நான்கு விரற்கடை வளர்ந்துவிட்டாள். பதிமூன்று வயதில் என் தம்பியும் இப்படித்தான் திடீரென்று உயர்ந்தான். உன் மகள் தின்கிறாள், தூங்குகிறாள், என்னோடு சண்டை போடுகிறாள். நீ ரஷ்யாவில் உட்கார்ந்துகொண்டு கவலைப்படும்படி ஒன்றும் இல்லை.

பள்ளிக்கூடத்தில்தான் ஒரு நெருக்கடி. மாவட்ட அலுவலகத்திலிருந்து உத்தரவு வந்திருக்கிறது. ஏழாம் வகுப்பின் கணக்குத் தேர்வில் வகுப்புச் சராசரி நாற்பத்திரண்டுக்குக் கீழே போனால், அந்த ஊரில் எட்டாம் வகுப்பும் அதற்கு மேலும் இருக்காது. பிள்ளைகள் பதினான்கு கிலோமீட்டர் தள்ளி ஓர்தோ-சாய்க்குப் போக வேண்டும். உன் பிறந்த ஊருக்குப் போகும் பாதை எப்படிப்பட்டது என்று உனக்கே தெரியும். ஜனவரியில் ஓநாய்கூட அதில் யோசித்துத்தான் நடக்கும்.

பயப்படாதே. நவம்பரில் நடந்த முதல் தேர்வில் எங்கள் ஒன்பது பேரின் சராசரி நாற்பத்து நான்கு. ஏப்ரல் பதினைந்தில் நடப்பதுதான் கணக்கில் எடுக்கப்படும் தேர்வு. அதிலும் தாண்டிவிடுவோம். அக்மோர் இருக்கிறாளே.

வேறொன்றும் எழுத வேண்டியிருந்தது. வேன் டிரைவர் வாசலில் நின்று ஹாரன் அடிக்கிறான். அடுத்த முறை எழுதுகிறேன்.

உன் நாத்தனார்
ஜிபர்குல்


எகாத்தரின்பர்க்
பிப்ரவரி 19

ஆசிரியை ஜிபர்குல் அவர்களுக்கு,

அக்கான்னு எழுத இன்னிக்குக் கை வரல. மன்னிச்சுக்குங்க.

நம்ம ஊர் தபால் ஆபீஸ் நஸிராவோட தங்கச்சி குல்பாரா இங்க என் பக்கத்து மெஷின்ல தைக்கறா. உங்களுக்கு அது மறந்துபோச்சு போல. போன வாரம் அவளுக்கு அக்காகிட்ட இருந்து லெட்டர் வந்துச்சு. டீ குடிக்கறப்ப சாதாரணமா கேக்கறா, "என்ன புருல், பொண்ணு படிக்க பிஷ்கெக் போறாளாமே, ஒரு மிட்டாய்கூட இல்லையா?" எந்தப் பொண்ணுன்னு கேட்டேன். உன் பொண்ணுதான்னா.

ஜனவரி பத்தாம் தேதி பிஷ்கெக் கணக்கு விடுதிப் பள்ளியில இருந்து சீல் வெச்ச உறை வந்திருக்கு. என் பேருக்கு. உங்க மேல்பார்வைன்னு போட்டு. நீங்க கையெழுத்துப் போட்டு வாங்கியிருக்கீங்க. நஸிராவோட நோட்டுல உங்க கையெழுத்து இருக்கு.

ஞாயித்துக்கிழமை தந்தி ஆபீஸ்ல ரெண்டு மணி நேரம் நின்னு அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போன் போட்டேன். அங்க ஒரு அம்மா நல்லா பேசுனாங்க. செப்டம்பர்ல நம்ம ஊருக்கு வந்து தேர்வு வெச்சாங்களாம், அக்மோர் மூணாவதா வந்திருக்காளாம், எடம் குடுத்துட்டாங்களாம். "தாயோட கையெழுத்து இல்லாம எங்களால சேர்க்க முடியாது. ஏப்ரல் ஒண்ணாம் தேதிக்குள்ள பிள்ளை படிவத்தோட வரணும். இல்லன்னா எடம் பட்டியல்ல அடுத்த பிள்ளைக்குப் போயிடும்"னு சொன்னாங்க. நான் என்ன சொல்லுவேன்? எனக்குத் தெரியாதுன்னா, என்ன மாதிரி தாய்னு நெனைப்பாங்க. பனி ஜாஸ்தி, தபால் தாமதம்னு பொய் சொன்னேன்.

மூணாம் தேதி எழுதுன லெட்டர்ல ஸ்வெட்டர் கை குட்டைன்னு எழுதியிருக்கீங்க. அதை எழுத இடம் இருந்துச்சு. இதை எழுத டிரைவர் ஹாரன் அடிச்சுட்டான்.

உங்க தம்பி செத்தப்ப, "உன் பொண்ணை என் பொண்ணா பாத்துக்கறேன், நீ போய் பொழைச்சுக்க"ன்னு சொன்னீங்க. அதை நம்பித்தான் விட்டுட்டு வந்தேன். அந்த உறை எங்க இருக்கு?

புருல்


தெமிர்-பெல்
மார்ச் 4

புருல்,

உறை என் அலமாரியில் இருந்தது, மாவு டப்பாவுக்குப் பின்னால். இப்போது இந்தக் கடிதத்தோடு படிவத்தை வைத்திருக்கிறேன். தந்திருக்க வேண்டிய நாளுக்கு ஐம்பத்து நான்கு நாள் கழித்துத் தருகிறேன். எண்ணித்தான் எழுதுகிறேன்.

நான் ஏன் அப்படிச் செய்தேன் என்று சொல்கிறேன். அதற்காக மன்னிக்கச் சொல்லவில்லை.

நவம்பரில் பிள்ளைகள் வாங்கிய மதிப்பெண்கள் இவை: 31, 34, 35, 35, 38, 40, 42, 44, 97. கடைசி எண் யாருடையது என்று உனக்குச் சொல்ல வேண்டாம். எல்லாவற்றையும் கூட்டினால் 396. ஒன்பதால் வகுத்தால் 44. இப்போது அந்த 97ஐ எடுத்துவிட்டுப் பார். 299. எட்டால் வகு. முப்பத்தேழு சொச்சம். ஒரே ஒரு பிள்ளையைக் கழித்தால் வகுப்பு கோட்டுக்கு மேலேயிருந்து கீழே போய்விடுகிறது.

ஏப்ரல் ஒன்றில் அவளை அனுப்ப வேண்டும். தேர்வு ஏப்ரல் பதினைந்து. நடுவே இரண்டு வாரம். இரண்டு வாரம் பொறுக்க முடியுமா என்று அந்தப் பள்ளிக்கு ஜனவரியிலேயே எழுதினேன். முடியாது என்று ஒரு வரியில் பதில் வந்தது. அதற்குப் பிறகுதான் உறையை மாவு டப்பாவுக்குப் பின்னால் வைத்தேன்.

மற்ற எட்டுப் பேரை நினைத்துப் பார். மலைக்கு அந்தப் பக்கத்து ஊரில் போன வருஷம் மேல் வகுப்புகளை மூடினார்கள். முதல் பனி விழுந்ததும் நான்கு பெண் பிள்ளைகள் நின்றுவிட்டார்கள். அதில் இரண்டு பேருக்கு வசந்தத்தில் கல்யாணம் ஆகிவிட்டது. பதினைந்து வயது. நம் வகுப்பில் ஐந்து பெண்கள். சாமத்தின் மகள் நுர்சாத் இப்போதே கேட்கிறாள், "அடுத்த வருஷம் நான் எங்க படிப்பேன் டீச்சர்?" என்று. அவளுக்குப் பதில் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தால் அலமாரியில் உன் உறை. ஒரு பக்கம் ஒரு பிள்ளை, ஒரு பக்கம் எட்டு. நான் கணக்கு டீச்சர் புருல். எனக்கு எட்டு பெரிதாகத் தெரிந்தது.

நீ கையெழுத்துப் போட்டு அனுப்பினால் நான் அவளைக் கூட்டிக்கொண்டு போவேன். போடாவிட்டாலும் உன்னைக் குறை சொல்ல மாட்டேன். முடிவை உன் கையில் தருகிறேன்.

ஜிபர்குல்


எகாத்தரின்பர்க்
மார்ச் 17

அக்கா,

படிவத்துல கையெழுத்துப் போட்டுட்டேன். குல்பாராவோட மச்சான் நூருஸ் புத்தாண்டு முடிஞ்ச கையோட ஊருக்கு வர்றான், அவன் கையில குடுத்து விடறேன். உங்க கையிலதான் தரணும், நஸிராகிட்ட கூடக் குடுக்கக் கூடாதுன்னு ரெண்டு தடவை சொல்லியிருக்கேன்.

முடிவை என் கையில தர்றேன்னு எழுதியிருக்கீங்க. நல்லா இருக்கு. ரெண்டு மாசம் உங்க கையில வெச்சிருந்துட்டு, எட்டுப் பிள்ளைங்களோட பேரையும் அது மேல கட்டி என்கிட்ட தர்றீங்க. கையெழுத்துப் போட்டா நான் நுர்சாத்தைக் கெடுத்தவ. போடலன்னா என் பொண்ணையே கெடுத்தவ.

சராசரின்னா என்னன்னு எனக்குப் புரியாதுன்னு நெனைச்சு கூட்டிக் கழிச்சு எழுதியிருக்கீங்க. எனக்குப் புரியும். இங்க பதினோரு பொம்பளைங்க தைக்கறோம். மேற்பார்வை தமாரா பெத்ரோவ்னா. ஒரு நாளைக்கு எத்தனை சட்டைக்குக் காலர் வெச்சோம்னு எழுதி, மொத்தத்தைப் பதினொண்ணால வகுத்து சுவத்துல ஒட்டுவா. ஜனவரியில நாப்பதுன்னு ஒட்டுனா. "எல்லாரும் சராசரி நாப்பது தைக்கறீங்க, அப்ப நாப்பதுக்குக் கீழ தைக்கறவ சோம்பேறி"ன்னா. ஹலிமான்னு ஒரு உஸ்பெக் அக்கா, மணிக்கட்டு வீங்கிப்போய் இருபத்தஞ்சுதான் முடியும். அவங்களை அனுப்பிட்டு வேற ஒருத்தியை வெச்சா.

அந்த நாப்பது எப்படி வந்துச்சு தெரியுமா அக்கா? நான் எழுபது வெக்கறேன். என் பொண்ணு படிக்கணும்னு கண்ணு எரிய எரிய வெச்ச எழுபது. என்னைக் கழிச்சுட்டா மத்தவங்க முப்பத்தேழுதான். ஹலிமா அக்கா போறப்ப எனக்குக் கைகுடுத்து, "உன் மேல ஒண்ணும் இல்ல"ன்னாங்க. சொல்லாமலே போயிருந்தா நல்லா இருந்திருக்கும்.

அதுல இருந்து நான் மெதுவா தைக்கறேன். ஐம்பதோட நிறுத்திடறேன். தமாரா மொறைக்கறா. மொறைக்கட்டும். நான் பெரியவ, நான் மெதுவா தைக்கலாம். அக்மோர் மெதுவா படிக்கக் கூடாது. அவ எட்டு பேருக்காகப் பொறக்கல.

ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். இந்த எட்டுப் பேர் கதை அவ காதுக்குப் போகக் கூடாது. அவளைக் கழிச்சா என்ன ஆகும்னு அவளுக்குத் தெரியவே கூடாது. உங்க தம்பி மேல சத்தியமா.

புருல்


தெமிர்-பெல்
ஏப்ரல் 4

அன்புள்ள புருல்,

அக்மோர் விடுதியில் சேர்ந்துவிட்டாள். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். மற்றதை நீ உட்கார்ந்து படி.

உன் கடிதம் என் கைக்கு வந்தது மார்ச் இருபத்தேழு. நீ எதைச் சொல்லக் கூடாது என்றாயோ அது எட்டு நாள் முன்பே வகுப்பில் நடந்து முடிந்திருந்தது. தவறு என்னுடையதுதான்.

பத்தொன்பதாம் தேதி பாடம் சராசரி, இடைநிலை, முகடு. புத்தகத்தில் ஏதோ பருத்திப் பண்ணையின் விளைச்சல் கணக்கு. பிள்ளைகள் கொட்டாவி விட்டார்கள். அப்போது எனக்கு ஒரு யோசனை, அவர்களுடைய சொந்த மதிப்பெண்களையே கரும்பலகையில் எழுதினால் என்ன என்று. எழுதினேன். சராசரி நாற்பத்து நான்கு. சிறியதிலிருந்து பெரியது வரை வரிசையாக வைத்து நடுவில் நிற்பதை எடுத்தால் முப்பத்தெட்டு, அதுதான் இடைநிலை. அதிகம் முறை வருவது முப்பத்தைந்து, அதுதான் முகடு. "ஒரே வகுப்புக்கு மூணு பதில் வருதே டீச்சர், எது நிஜம்?" என்று யாரோ கேட்டார்கள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பாடம் பிடித்துக்கொண்டது என்று நினைத்தேன்.

அப்போது நுர்சாத் கை தூக்கினாள். "அக்மோர் பிஷ்கெக் போறான்னு நஸிரா அக்கா சொன்னாங்க. அவ இல்லாம போட்டா எவ்வளவு வரும்?" அவள் கெட்ட எண்ணத்தோடு கேட்கவில்லை. அவளுக்குக் கணக்கு பிடிக்கும், அவ்வளவுதான். மணி அடித்துவிட்டது என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதற்குள் நான்கு பேர் நோட்டில் போட ஆரம்பித்துவிட்டார்கள். முப்பத்தேழு புள்ளி மூன்று ஏழு ஐந்து. நாற்பத்திரண்டு என்ற எண் ஊரில் எல்லாருக்கும் தெரியும். எட்டுப் பேரும் அக்மோரைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் கரும்பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசி பெஞ்சில் திலெக் இருக்கிறான், முப்பத்தொன்று அவனுடையது. அவன் சொன்னான்: "அக்மோர் இருந்தா நாம நாப்பத்தி நாலு, போனா முப்பத்தேழு. ரெண்டுலயும் நான் முப்பத்தொண்ணுதானே டீச்சர்."

அவன் வேடிக்கைக்குச் சொல்லவில்லை, சந்தேகம் கேட்பதுபோலத்தான் கேட்டான். நவம்பரில் சராசரி நாற்பத்து நான்கு என்று தெரிந்த அன்று நான் வீட்டுக்கு வந்து பண்டிகை மாதிரி போர்சோக் பொரித்தேன். அன்றும் இந்தப் பையன் முப்பத்தொன்றுதான். இரண்டு வருஷமாக நான் அக்மோருக்குத்தான் பாடம் நடத்தியிருக்கிறேன். அவள் தலையாட்டினால் அடுத்த கணக்குக்குப் போய்விடுவேன். மற்றவர்களுக்குப் புரியவில்லை என்று எண்கள் சொல்லிக்கொண்டிருந்தன, நான் கேட்கவில்லை.

அந்தப் பாடம் நடந்த நாளிலிருந்து அக்மோர் சரியாகச் சாப்பிடவில்லை. நூருஸ் அன்று யார் வீட்டுக்கும் போகவில்லை. உன் படிவம் வந்த அன்று அவளிடம் நீட்டினேன். "நான் போகல அத்தை" என்றாள். "ஏன்?" "நான் போனா நுர்சாத்தை நிறுத்திடுவாங்க. அவ அப்பா இப்பவே சொல்லிட்டாராம்."

அப்போது சொல்லிவிட்டேன் புருல். உறை ஜனவரியிலேயே வந்தது, நான் ஒளித்து வைத்தேன், தேர்வுக்கு அவள் வேண்டும் என்பதற்காக, எல்லாவற்றையும். அவளைப் போக வைக்க வேறு வழி எனக்குத் தெரியவில்லை. சொல்லிவிட்டால் என் மேல் இருக்கும் கோபத்திலாவது போவாள் என்றும் கொஞ்சம் நினைத்தேன்.

அவள் கேட்டாள்: "நவம்பர்ல எல்லார் முன்னாடியும் எனக்குக் கை குலுக்கினீங்களே. அது எனக்கா, நாப்பத்தி நாலுக்கா?"

பெட்டியை அவளே கட்டினாள். முப்பத்தொன்றாம் தேதி வேனில் ஆறு மணி நேரம். கணவாயில் பனி சரிந்திருந்ததால் ஒன்றரை மணி நேரம் நின்றோம். விடுதி வாசலில் பெட்டியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். பச்சை ஸ்வெட்டரைத்தான் போட்டிருந்தாள்.

ஜிபர்குல்


எகாத்தரின்பர்க்
ஏப்ரல் 11

அக்கா,

உங்க லெட்டரைப் படிச்சுட்டு உங்களைத் திட்டணும்னு உட்காந்தேன். என்ன எழுதறதுன்னு தெரியல. நான் அங்க இருந்திருந்தா என்ன செஞ்சிருப்பேன்னு யோசிச்சேன், அதுவும் தெரியல.

அக்மோர் போன் பண்ணா. விடுதியில வாரத்துக்கு ஒரு தடவை விடறாங்களாம். முதல் தேர்வு வெச்சாங்களாம். இருபத்தாறு பேர்ல பதினாலாவது வந்திருக்கா. அழுவாளோன்னு பயந்தேன். "நான் நடுவுல இருக்கேம்மா. யாரும் என்னைத் திரும்பிப் பாக்கறதில்ல"ன்னா. சந்தோஷமா சொன்னா அக்கா. அதைக் கேட்டுதான் எனக்கு அழுகை வந்துச்சு. நம்ம பொண்ணு எவ்வளவு நாளா இதைச் சுமந்துக்கிட்டு இருந்தாளோ.

உங்களைப் பத்திக் கேட்டேன். "நல்லா இருப்பாங்க"ன்னு மட்டும் சொன்னா.

அப்புறம் நுர்சாத் பத்திக் கேட்டா. அதான் இப்ப எழுதறேன். நாலு நாள்ல தேர்வு, இந்த லெட்டர் அதுக்குள்ள வராது. ஆனா திருத்தறதுக்குள்ள வந்துரும். திருத்தறது நீங்கதானே? சிவப்புப் பேனா உங்க கையில. ஆளுக்கு ரெண்டு மார்க், மூணு மார்க் கூடப் போட்டா யாருக்குத் தெரியப்போகுது? மாவட்ட ஆபீஸ்ல ஒவ்வொரு பேப்பரையும் பிரிச்சா பாக்கப்போறாங்க?

என்னடா இவ, போன மாசம் நம்மளை அவ்வளவு குத்திக் காட்டுனவ இன்னிக்கு இப்படி எழுதறான்னு நெனைப்பீங்க. நெனைச்சுக்குங்க. என் பொண்ணு போயிட்டா. அந்த எட்டுப் பேரும் நின்னுட்டா நான் எந்த முகத்தோட ஊருக்கு வர்றது?

புருல்


தெமிர்-பெல்
ஏப்ரல் 25

அன்புள்ள புருல்,

உன் கடிதம் சரியாக நான் திருத்தி முடித்த காலையில் வந்தது. விடைத்தாள்கள் மேஜை மேலேயே இருந்தன, பேனாவும்.

மார்ச் பத்தொன்பதாம் தேதிப் பாடத்துக்கு மறுநாளிலிருந்து நான் திலெக்குக்குப் பாடம் நடத்தினேன். அவனுக்குப் பின்னத்தைப் பின்னத்தால் வகுக்க வராது. ஐந்தாம் வகுப்பிலேயே விட்டிருக்கிறான், யாரும் கவனிக்கவில்லை. அங்கிருந்து ஆரம்பித்தேன். நூருஸ் விடுமுறையிலும் எட்டுப் பேரும் வந்தார்கள். இருபத்தாறு நாள்தான் கிடைத்தது.

மதிப்பெண்கள்: 36, 38, 39, 41, 42, 43, 44, 45. முப்பத்தாறு திலெக். நாற்பத்தைந்து நுர்சாத், நவம்பரில் அவள் நாற்பது. கூட்டினால் 328. எட்டால் வகுத்தால் 41.

நாற்பத்தொன்று. இன்னும் எட்டு மதிப்பெண் வேண்டும். ஆளுக்கு ஒன்று.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு விடைத்தாள்களை மறுபடி எடுத்தேன். நான் நல்லவள் என்று காட்ட இதை எழுதவில்லை, எடுத்தேன். நுர்சாத்தின் ஏழாவது கணக்கில் வழி சரி, விடை தப்பு, அதில் ஒன்று கொடுக்கலாம். இன்னொருத்தியின் வரைபடத்தில் ஒன்று. இப்படி நியாயமாகவே ஐந்து கிடைத்தது. மூன்று மட்டும் பொய்யாகப் போட வேண்டும். திலெக்கின் தாளில் ஒன்று போட்டால் அவனுக்கு முப்பத்தேழு. பேனா முனையைத் தாளில் வைத்தும்விட்டேன். அப்போது அவன் என்னிடம் கேட்ட கேள்விதான் நினைவுக்கு வந்தது. முப்பத்தொன்றிலிருந்து முப்பத்தாறுக்கு அவனாகவே ஏறி வந்திருக்கிறான். அதன் மேல் ஒரு பொய்யை வைத்து, அதையும் நான் இன்னொரு சராசரிக்குப் பயன்படுத்த வேண்டுமா? நியாயமாகக் கிடைத்த ஐந்தையும்கூட அப்போது போட முடியவில்லை. அவை எனக்குத் தெரிந்தது தேடியதால்தான். நாற்பத்தொன்று என்றே எழுதி, நானே மாவட்ட அலுவலகத்துக்கு எடுத்துக்கொண்டு போனேன்.

மேஜைக்குப் பின்னால் ஓர் இளைஞர். மரியாதையாகத்தான் பேசினார். இரண்டு தேர்வையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். "இதே எட்டுப் பேர் நவம்பர்ல முப்பத்தேழு, இப்ப நாப்பத்தொண்ணு. நடுவுல நிக்கற பிள்ளை முப்பத்தாறரையில இருந்து நாப்பத்தொண்ணரைக்கு வந்திருக்கு. எட்டுப் பேர்ல ஒருத்தர்கூட இறங்கல."

"பாக்கறேன் டீச்சர். நல்லாத்தான் இருக்கு. ஆனா படிவத்துல ஒரே கட்டம். ஒரு எண்தான் போகும்."

"அந்த எண் பொய் சொல்லுது."

அவர் கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "உங்களைச் சுத்தி இருக்கற ஆறு ஊர்லயும் நாப்பத்திரண்டு, நாப்பத்திமூணுன்னுதான் வந்திருக்கு. நாப்பத்தொண்ணு உங்க ஊர்ல மட்டும்தான். நான் சொல்றது புரியுதா?"

புரிந்தது. தாளைத் திருப்பி என் பக்கம் தள்ளினார். எடுத்துக்கொண்டு போய் எண்ணை மாற்றி நாளை கொண்டுவரலாம் என்று அர்த்தம். நான் அதை மறுபடி அவர் பக்கம் தள்ளினேன். அவர் அந்தக் கட்டத்தில் 41 என்று எழுதினார்.

செப்டம்பரிலிருந்து மேல் வகுப்பு இல்லை. பால் லாரி காலையில் பிள்ளைகளை ஓர்தோ-சாய்க்கு ஏற்றிப் போகும் என்று ஊர்த் தலைவர் சொல்லியிருக்கிறார். ஏழு வீடுகளில் சரி என்றுவிட்டார்கள். சாமத் மட்டும் முடியாது என்கிறார். "பொம்பளப் பிள்ளை லாரியில போறதா? பனியில லாரி நின்னா ராத்திரி எங்க தங்குவா?" அவர் கேட்பதில் தப்பு இல்லை.

ஏழு பேர் போகிறார்கள், ஒருத்திதான் நிற்கிறாள் என்று தலைவர் ஆறுதல் சொன்னார். அந்த மாதிரிக் கணக்கை என்னால் இனிக் கேட்க முடியவில்லை.

ஜிபர்குல்


எகாத்தரின்பர்க்
மே 16

அக்கா,

நீங்க பேனாவைக் கீழ வெச்சது தப்பா சரியான்னு எனக்குத் தெரியாது. மொதல்ல கோவம் வந்துச்சு. மூணே மூணு மார்க். அதுக்கு இவ்வளவான்னு. அப்புறம் இங்க தமாரா ஒட்டுற காகிதத்தைப் பாத்துக்கிட்டே நின்னேன். நான் மெதுவா தைக்க ஆரம்பிச்சதுல இருந்து இப்ப முப்பத்தெட்டு. அதுவும் பொய்தான். என் பொய். அதனால ஹலிமா அக்கா திரும்ப வந்துட்டாங்களா என்ன.

சரி, அதை விடுங்க. என் தம்பி எர்கின் வீடு ஓர்தோ-சாய்ல பள்ளிக்கூடத்துக்குப் பின்னாடி மூணாவது வீடு. பொண்டாட்டி, கைக்குழந்தை, அவ்வளவுதான். நான் சின்னப்பிள்ளையா இருந்த அறை சும்மா கிடக்கு. எர்கினுக்கு எழுதிட்டேன். நுர்சாத் திங்கள்ல இருந்து வெள்ளி வரைக்கும் அங்க தங்கலாம். அவன் பொண்டாட்டி மகினூரும் சரின்னுட்டா. குழந்தையைப் பாத்துக்க ஆள் கிடைச்சுதுன்னு சந்தோஷப்படறான்னு எர்கின் எழுதினான். பாத்திரம் தேய்க்க வெச்சா மட்டும் என்கிட்ட சொல்லச் சொல்லுங்க, நான் மகினூரைக் கவனிச்சுக்கறேன்.

உள்ள இன்னொரு மடிச்ச தாள் இருக்கு. அது சாமத்துக்கு இல்ல. அவர் பொண்டாட்டி கெஞ்செவுக்கு. அதை நீங்க படிக்காதீங்க அக்கா. நீங்களே கையில குடுங்க.

புருல்


தெமிர்-பெல்
செப்டம்பர் 7

அன்புள்ள புருல்,

மே மாதமே உன் தாளை எடுத்துக்கொண்டு போனேன். சாமத் வாசலிலேயே மறித்துக்கொண்டார். எர்கின் வீடு பற்றிச் சொன்னேன். "பொண்ணை அடுத்தவங்க வீட்டுல விடற பழக்கம் எங்க வீட்டுல இல்ல." "புருல் விடலையா?" என்றேன். "விட்டாளே. அந்தப் பிள்ளைக்கு நீங்க என்ன பண்ணீங்கன்னு ஊருக்கே தெரியும்" என்றார். நஸிரா நோட்டில் இருப்பதை யாருக்குத்தான் சொல்லவில்லை. அப்போது கெஞ்செ உள்ளேயிருந்து வந்து கை நீட்டினாள், தாளைக் கொடுத்தேன்.

நீ என்ன எழுதினாய் என்று எனக்குத் தெரியாது. அவள் அங்கேயே நின்று இரண்டு முறை படித்தாள். மடித்து மேலங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டாள். கோடை முழுக்க என்னிடம் எந்த முடிவும் சொல்லவில்லை. மேய்ச்சலுக்கு மலை மேல் போய்விட்டார்கள். இந்தக் கதை இவ்வளவுதான் என்றுதான் நினைத்தேன்.

ஒன்றாம் தேதி லாரி கிளம்பியபோது ஏழு பேர். நுர்சாத் வரவில்லை. இரண்டாம் தேதியும் ஏழு. மூன்றாம் தேதியும் ஏழு. திலெக் ஏறும்போது ஒவ்வொரு நாளும் அவளுக்கு இடம் விட்டு உட்கார்ந்தான். பிறகு மூட்டையை அந்த இடத்தில் வைத்துக்கொண்டான்.

நேற்று திங்கட்கிழமை. கெஞ்செ தன் குதிரையைப் பிடித்துக்கொண்டு வந்தாள், அதன் மேல் நுர்சாத். பின்னால் சாமத் நடந்து வந்தார், கையில் பை. லாரி பக்கத்தில் வந்ததும் கெஞ்செ எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள்: "எர்கின் வீட்டுல இருப்பா. வெள்ளிக்கிழமை நானே போய்க் கூட்டிட்டு வருவேன். பனி விழுந்தாலும் போவேன். குதிரை என் அப்பா எனக்குக் குடுத்தது, யாரையும் கேக்க வேண்டியதில்ல."

சாமத் பையை லாரியில் வைத்துக் கயிறு கட்டினார். ஒரு முடிச்சு போட்டு, அவிழ்த்து, மறுபடி இறுக்கிப் போட்டார். டிரைவர் அவசரப்படுத்தினான். நுர்சாத் ஏறினாள். லாரி திரும்பும்வரை சாமத் ஒரு கையைப் பை மேலேயே வைத்திருந்தார்.

அக்மோர் எனக்கு இன்னும் எழுதவில்லை. விடுமுறைக்கு எர்கின் வீட்டுக்குப் போனாள், இங்கே வரவில்லை. நான் குறை சொல்லவில்லை. அவள் போன் பண்ணும்போது நுர்சாத் லாரி ஏறினாள் என்று சொல். யார் சொன்னார்கள் என்று அவளாகக் கேட்டால் மட்டும் என் பெயரைச் சொல்.

அக்கா
ஜிபர்குல்